பெயர் இல்லாத புழு

மதுவிலக்கு அமலில் இருந்த எழுபதுகளின் கடைசி. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடல் சேற்றிலிருந்து வாரிவந்த புழுவை, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுத் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தேன். அது யாரும் அறியாத இனம் என்று எங்கள் பேராசிரியர் நம்பினார். கிடைத்ததும் அந்த ஒன்றுதான்.

அவனியாபுரம் அருகே பஸ்ஸில் ஏறிய ஏட்டையா, சாராய வாடை பிடித்து என்னை இறக்கிவிட்டார். மடையன் நான், ஸ்பிரிட் கொண்டுபோவதற்கான பெர்மிட்டைக் கல்லூரி மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். பஸ் போய்விட்டது.

"புழு கிடக்குறதை யாராச்சும் குடிப்பாகளா ஐயா?"

"ஊறல் பானையில இதைவிடக் கேவலமானதெல்லாம் பாத்திருக்கேன். கீழ ஊத்து."

ஊற்றினால் அந்த வெயிலில் புழு காய்ந்து சுருங்கிவிடும். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சோதனைச் சாவடியின் தகரக் கொட்டகைக்குள் உட்காரவைத்து வழக்கு எழுத ஆரம்பித்தார். என் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர் சோழவந்தான் என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏறின.

"இந்தப் புழுவுக்குப் பேரு?"

"இன்னும் வைக்கலை ஐயா. வைக்கத்தான் கொண்டுபோறேன்."

பேனா நின்றது. "பேரே இல்லாத புழுவைக் கேஸுல எழுதுனா, இன்ஸ்பெக்டர் என்னையப் பாத்துல்ல சிரிப்பாரு! எந்திரிச்சுப் போய்யா." காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

பிற்பாடு அதற்கு லத்தீனில் பெயர் வைத்தோம். இனி அந்த இனத்தில் எது கிடைத்தாலும் இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால், அருங்காட்சியக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அன்று பெயரில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த புழு, பெயர் வந்த பிறகு வெளியே வரவே இல்லை.