உப்புக்குள் இருந்த ஏரி

நுண்நோக்கியின் கீழே கண்ணாடி போல ஓர் உப்புச் சில்லு. அதற்குள் சதுரமாக ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர், தண்ணீரில் ஒரு காற்றுக் குமிழி. சில்லைச் சாய்த்தால் குமிழி நகரும். "பாருங்கோ, மனுஷா பொறக்கறதுக்கு முன்னாடியே வத்திப்போன ஏரித் தண்ணி இது" என்று மேடம் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுபதுகளின் கடைசி அது.

மேடம் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி விரிவுரையாளர். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நான் அங்கே தற்காலிக லேப் அட்டெண்டர். வடக்கே பாலைவனத்தில் ஆழத் துளைத்தெடுத்த பாறை உப்பை நாலு வருடம் கெஞ்சி வாங்கி, மெல்லிய சில்லுகளாக அறுத்து வைத்திருந்தார். அறுக்கும்போதுகூடத் தண்ணீர் படாமல் மண்ணெண்ணெய்தான் ஊற்றுவார். உள்ளே அடைபட்ட சொட்டில் மக்னீசியம், பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்தால், அது கடல் புகுந்த ஏரியா, ஆறு நிரப்பிய ஏரியா என்று சொல்லிவிடலாமாம். அவருடைய டாக்டரேட் ஆராய்ச்சியே அதுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் லேபில் உள்ள அத்தனையையும் கழுவுவது எங்கள் வழக்கம். சுத்தியல், தராசு, கருங்கல், அரியலூர்ச் சிப்பிக்கல் எல்லாவற்றுக்கும் குளியல், பிறகு சந்தனம், குங்குமம். மேடம் அன்று மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய சில்லுகளில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. பூஜையில் வைக்க வேண்டுமே என்று குழாயில் வரும் காவேரித் தண்ணீரை வாளியில் பிடித்து ஊறப்போட்டுவிட்டு, தோரணம் கட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வாளியில் நம்பர்ச் சீட்டுகள் மட்டும் மிதந்தன. உப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம்பர் ஒட்டிக் கல் அலமாரியிலேயே பார்த்துப் பார்த்து, மனதில் அது கல்லாகிவிட்டது. என் புத்தியை எதால் அடிப்பது?

மறுநாள் பூஜைக்கு வந்த மேடம் வாளித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காவேரியோட கலந்துடுத்து. இனிமே பிரிக்கவே முடியாது" என்றார்.

"யார் செஞ்சது இது?" என்று துறைத் தலைவர் கத்தினார். எனக்கு வேலை நிரந்தரமாக இரண்டே மாதம் பாக்கி. குனிந்து குங்குமக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். "நான்தான் சார். அலம்பறச்சே கவனிக்கலை" என்றார்.

அதன் பிறகு அவருக்கு யாரும் உப்புத் தரவில்லை. கேட்ட இடத்துக்கெல்லாம் இந்தக் கதை முந்திக்கொண்டு போயிருந்தது. எண்பதுகளின் நடுவில் பட்டமில்லாமலேயே வேலையை விட்டார். எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம் போதும். அவருடைய பிரிவுபசாரக் கூட்டத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். அன்று தலைவர் மைக்கைப் பிடித்து, "உப்பைத் தண்ணியில கழுவுன ஒரே ஜியாலஜிஸ்ட் நம்ம மேடம்தாங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.