வெள்ளி பிடித்த கரியும் கருகிய நாற்றங்காலும்

கொட்டாங்கச்சிக் கரியில் தண்ணீர் வடிகட்டி செய்வது என் தொழில். அதே கரியை வைத்து முலாம் பட்டறைக் கழிவுநீரிலிருந்து வெள்ளியை மீட்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கை சும்மா இருக்கவில்லை. புரட்டாசி முதல் வாரம் கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரில் காலை ஆறரைக்குப் பேருந்து. கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து குடவாசல் சாலையில் பத்து கிலோமீட்டர் ஆட்டோ, முந்நூறு ரூபாய். "வெள்ளி அள்ளவா சார் போறீங்க? நானும் ஒரு கோணி எடுத்துட்டு வரட்டுமா?" என்று டிரைவர் கிண்டலடித்தார். சிரித்துக்கொண்டேதான் போனேன்.

பட்டறைச் சாக்கடை வாய்க்காலில் சேரும் இடத்தில் செல்வி என்பவர் கரி மூட்டைகளை அடுக்கியிருந்தார். கரியின் நுண்துளைகளில் வெள்ளி ஒட்டிக்கொள்ளும். பிறகு கரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலைப் பட்டறைக்காரர்களே வாங்கி உருக்கிக்கொள்வார்கள். பார்த்ததும் பொறாமையாக இருந்தது.

ஆனால் செல்வியின் முகத்தில் உயிரே இல்லை. வெளியூர் வேலையிலிருந்து வந்த அவர் கணவர் கலியபெருமாள், சம்பா விதை விட்ட கையோடு கொல்லையில் கிடந்த அந்தச் சாம்பலை நாற்றங்காலில் தூவிவிட்டாராம். விதைத்ததும் அடுப்புச் சாம்பல் தூவுவது இங்கே வழக்கம். இதிலோ வெள்ளியோடு செம்பும் இருந்தது. முளைத்ததெல்லாம் கருகிவிட்டது.

"சாம்பல்னா நாத்தங்காலுக்குத்தானேங்க. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் கலியபெருமாள்.

கோயில் நிலம் அது. முன்பு பயிரிட்ட குடும்பத்தோடு அடிதடி, வழக்கு என்று அலைந்து வாங்கிய குத்தகை. ஒரு போகம் தரிசாகக் கிடந்தாலும் போய்விடும். அந்தக் குடும்பம் அதற்குத்தான் காத்திருக்கிறது. மறுபடி விதைத்தால் நடவுக்கு நாள் தப்பிவிடும். அவர்களுக்குப் பயந்து அக்கம்பக்கத்திலும் யாரும் நாற்று தரவில்லை.

"தண்ணியில உள்ளத கரி புடிக்குதே, மண்ணுல கலந்ததையும் புடிச்சிடுமாங்க?" என்று செல்வி கேட்டார்.

"மண்ணுல கலந்துட்டா முடியாதும்மா" என்றேன். என் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது.

போகிறவர்கள் மழைக்கு முன்னால் போங்கள். அந்தத் தண்ணீரை வெறுங்கையால் தொடாதீர்கள். வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் சாம்பலை மூடிப் பூட்டி, அது என்னவென்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். செல்வியின் வயலுக்கு மட்டும் வழி கேட்காதீர்கள். நீங்கள் போகும்போது அங்கே வேறு யாராவது உழுதுகொண்டிருப்பார்கள்.