தடித்த ஒயரும் தபேலாவும்

குரும்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஒல்லியான மனிதர். பாட்டுக் கேட்கும்போது கண்ணை இறுக மூடித் தொடையில் தாளம் போடுவார். ஒருநாள் டேப்ரிக்கார்டருக்கென்று திருச்சியிலிருந்து விரல் தடிமனில் கரண்டு ஒயர் வாங்கி வந்தார்.

"இப்பத்தான் தம்பி தபேலா தனியாக் கேக்குது."

"எல்லாம் ஒரே சத்தந்தான். அத என் கிரைண்டருக்குக் குடுங்க, அதுல இருக்குற ஒயரு சூடேறிக் கொதிக்குது" என்றார் அவர் மனைவி.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான், அதுவும் இயற்பியல். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, எது என்று சொல்லாமல் பழைய ஒயரை மாட்டினேன்.

"ஆகா! இதான் புது ஒயரு!"

அந்தம்மா சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை. அன்றைக்கே ஒயர் கிரைண்டருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவரே இட்லித் தட்டோடு வந்தார். முகத்தில் வருத்தமே இல்லை.

"சாப்ட்டுப் பாரு தம்பி. ஒயர மாத்துனதும் மாவு எப்படி அரைஞ்சிருக்கு, பஞ்சாட்டம்!"

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு விள்ளலை ஊட்டிவிட்டார். நிஜமாகவே பஞ்சு மாதிரி இருந்தது. அது ஒயராலா, அவர் சொன்னதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.