வானத்திலிருந்து விழுந்த கொக்கு

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் மூன்றுவரை எண்ணுகிறார். வாடிக்கையாளர் காப்பைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, இது நடந்துவிடும். எண்ணி முடித்ததும் கண்ணைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "இது வெறும் காப்பு இல்லைங்க. இதுக்குள்ள ஒரு கதை தூங்குது" என்பார். தூங்குகிற கதையை எழுப்பாமல் அவர் யாரையும் கடையைவிட்டு அனுப்பியதில்லை.

தெருவில் அவருக்குப் புராணம் என்று பெயர். பழங்குடிச் சித்திரங்கள் வெட்டிய வெள்ளிக் காப்புகள் விற்கிறார். கழுத்தில் பாசிமணி, தோளில் முரட்டுத் துணிப்பை, நான்கு நாள் தாடி. அந்தத் தாடி ஐந்தாம் நாளைப் பார்த்துவிடாமல் இருக்கத் தினமும் காலையில் கண்ணாடிமுன் அரை மணி நேரம் பாடுபடுகிறார். "மலையில அவங்களோட ஆறு மாசம் ஒண்ணா இருந்தேன்" என்பது ஓயாத பல்லவி. உண்மையில் ஒரே ஒரு தடவை பஸ் ஏறினார். ஏழாவது வளைவில் குடல் வாய்க்கு வந்து, இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் வீடு திரும்பினார். "வீட்ல உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொன்னாக்கூட, ஆதி மனுஷன் உப்பு இல்லாமத்தான் இருந்தான்னு ஆரம்பிச்சிடுவாரு" என்பது மனைவி தரும் நற்சான்று.

வெட்டுகிறவர் மனைவியின் தம்பி. கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் உளியும் சுத்தியலுமாகக் குனிந்தே கிடப்பார். நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்த நகல்தான் அவருக்கு மலை. வேலை முழுக்க மைத்துனருடையது. காப்பின் கீழ் விளிம்பில் பளிச்சென்று தெரிகிற முத்திரை மட்டும் புராணத்தின் முழுப்பெயர். அந்த முத்திரையைக் குத்திய பிறகுதான் உளியைக் கீழே வைக்க வேண்டும் என்பது கடையின் சட்டம்.

பறவைக் காப்பு பிறந்த கதை தனி. புராணம் மைத்துனருக்கு எதிரே உட்கார்ந்து, தனக்கு நேராகத் தெரிகிறபடி படத்தை மேஜைமேல் வைத்து டேப் ஒட்டினார். மைத்துனர் தன் பக்கமிருந்து பார்த்தபடி வெட்டினார். பன்னிரண்டு காப்பிலும் பறவை தலைகீழாக வந்து சேர்ந்தது.

"என்ன மாப்ள இது?"

"நீங்க ஒட்டினபடிதான் வெட்டினேன், மாமா. தலைகீழா இருக்கேன்னு அப்பவே கேட்டேன். மலைக்காரங்க கலை அப்படித்தான் இருக்கும், உனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டீங்க."

மானமுள்ளவராக இருந்தால் பன்னிரண்டையும் உருக்கியிருப்பார். இவர் பேனாவை எடுத்தார். வானத்தில் நெருப்பைத் திருடிக்கொண்டு, மனிதனுக்காகத் தலைகுப்புறப் பாய்ந்த ஆதிப்பறவை அன்று சாயங்காலமே தயார். காலுக்கு மேலே வந்துவிட்ட புள்ளிகள் நட்சத்திரங்கள். அலகில் இருப்பது தீக்கொழுந்து. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். பறவை விழுகிற இடத்தில் இப்போதெல்லாம் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அருங்காட்சியகக் கடையில் தன் காப்புகள் இடம்பெற வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஏக்கம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிட்டால் யாரும் கடைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள், கலைஞர் என்பார்கள். ஐந்து தடவை விண்ணப்பித்து, சென்ற வாரம் ஒருவழியாக அங்கிருந்து ஓர் அம்மாள் வந்தார். காப்புகள் பிடித்துப்போனால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒப்புதல் கடிதமும் அவர் பையில் தயாராக இருந்தது.

அம்மாள் பறவைக் காப்பை மாட்டிக்கொண்டார். இவர் கண்ணை மூடினார், எண்ணினார், கதையை எழுப்பினார். அம்மாள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு காப்பைக் கழற்றி, கீழ் விளிம்பு மேலே வரும்படி திருப்பி மாட்டினார். பறவை காலில் நின்றது. நட்சத்திரங்கள் எல்லாம் தண்ணீராகி அதன் கணுக்காலுக்கு இறங்கின.

"இது கொக்குங்க. வாயில இருக்கிறது மீன். நான் அந்த மலைக்காரிதான். எங்க பெரியம்மா வருஷா வருஷம் கதவுல வரைவாங்க."

அப்போதும் இவர் அசரவில்லை. "அதுக்குள்ள ஒரு ஐதீகம் இருக்கும்மா. உங்களுக்கே தெரியாம இருக்கலாம்."

"வீட்டுக்குப் பின்னால குளம் இருக்கு. கொக்கு வரும். பெரியம்மா பார்ப்பாங்க, வரைவாங்க."

காப்பைக் கழற்றிப் பக்குவமாக மேஜைமேல் வைத்தார். "வரேங்க" என்றார். கடிதம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

உளிச்சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. பட்டறை வாசலில் மைத்துனர் நின்றார். "இப்பவாவது நேரா வெச்சிடுங்க, மாமா."

புராணம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, விற்காமல் கிடந்த ஒன்பது காப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். ஒன்பது கொக்குகளும் தண்ணீரில் காலூன்றி நின்றன. பார்த்துக்கொண்டிருந்த மைத்துனருக்கு மனசு லேசாகிவிட்டது. பரவாயில்லை, மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கொக்குகளின் தலைக்கு மேலே ஒன்பது இடத்தில் புராணத்தின் முழுப்பெயர் தலைகீழாக நின்றது. அவர் குனிந்து பார்த்தார். கழுத்தை ஒருபக்கமாக வளைத்துப் படித்துப் பார்த்தார். பிறகு முதல் காப்பில் ஆரம்பித்து, ஒன்பதையும் பழையபடியே திருப்பி வைத்தார்.