பெரிய தோட்டா

சித்திரபுரத்துக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத் தொரையின் பங்களா இப்போது சொகுசு விடுதி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன வாரம் அங்கே வழிகாட்டி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தொரையின் பழைய ரைபிளைக் காட்டியபோது, துப்பாக்கி எண்ணெய் வாசனைக்கு நான் ஓரடி பின்வாங்கினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில், மறுநாள் வேட்டைக்குத் துப்பாக்கி துடைத்த அந்த வாசனையோடுதான் பங்களா பட்லர் லயத்துக்கு இறங்கி வருவார். ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஊதாங்குழலைப் போட்டுவிட்டு, "நாளைக்கு எதுண்ணே, சின்னதா பெரிசா?" என்று கேட்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குத் துப்பாக்கியின் அளவு தெரிந்திருந்தது. ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து தகரம் தட்டி மிளா மானைத் தொரை முன்னால் விரட்டி வருவது எங்கள் வீட்டு ஆண்கள்தான், சின்ன ரைபிளின் தோட்டா மானின் உடம்போடு நின்றுவிடும், காட்டெருமைக்கென்று வாங்கிய பெரியதன் தோட்டா மானைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். "பெரிசுதான்" என்று பட்லர் சொன்னால் பெண்கள் அடுப்பை விட்டுச் சாமி மாடத்தில் விளக்கேற்றப் போவார்கள்.

அடிபட்டு ஓடும் மானைத் தேடி அட்டைக் காட்டில் நடக்கத் தொரைக்குச் சோம்பல். பெரிசை எடுக்க வேறு காரணமே கிடையாது.

"மான் துடிக்காம சாகணும்னு பெரிய துப்பாக்கியத்தான் எடுப்பாராம் மேடம், அவ்வளவு இரக்கம்" என்றார் வழிகாட்டி.

அந்த இரக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானைத் துளைத்துக்கொண்டு போய் என் அப்பாவின் தொடையில் நின்றது.