தீவைக் காப்பாற்ற வந்த மாமா

எங்கள் எழுவைதீவு கடலில் மூழ்கப் போகிறது என்ற செய்தியை நோர்வேயிலிருந்து மாமாதான் கொண்டுவந்தார். அம்மாவின் ஒரே தம்பி அவர். நான் பிறப்பதற்கு முன்பே வெளிநாடு போனவர். சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும், லீவெடுத்துக்கொண்டு இரண்டு பெரிய சூட்கேசுகளோடு வந்து இறங்கினார். ஒன்றில் அவருடைய உடுப்பு. மற்றது முழுக்கச் சொக்கிலேற். தீவில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் சோறு செலவாகாத நாட்கள் அவை.

வந்த மறுநாள் பின்னேரம், வளவின் மூலையில் அப்பா குப்பை கொளுத்திக்கொண்டிருந்தார். பிளாஸ்ரிக் சொப்பின் பைகள் எரிந்து கறுப்புப் புகை கிளம்பியது. கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமா துள்ளி எழும்பினார்.

"அத்தான், என்ன வேலை செய்யிறியள்?"

"குப்பை கொளுத்திறன். பின்னை என்ன, அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிறதே?"

மாமா எங்களையெல்லாம் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். இப்படியான புகைகளால் பூமி சூடாகிறதாம். அவர் இருக்கிற பக்கம் வடதுருவத்துக்குக் கிட்டவாம். அங்கே மலைமலையாக இருந்த ஐஸ் உருகுகிறதாம். அது உருக உருகக் கடல் உயரும். உயர்ந்தால் எங்கள் தீவு மாதிரித் தட்டையான இடங்கள்தான் முதலில் போகும். ஒவ்வொருவருடைய குப்பைக்கும் அவரவர்தான் பொறுப்பு என்று சொல்லி முடித்தார்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீர் வந்த பிளேன் புகை விடுறேல்லையோ?" என்றார்.

மாமா தேநீருக்குச் சீனி காணாது என்றார்.

"ஷெல்லுக்கு, பொம்பருக்கு எண்டு எல்லாத்துக்கும் ஓடியிருக்கிறம். கடலுக்குத்தான் இன்னும் ஓடேல்லை. அதுக்கும் ஒருக்கா ஓடுவம்" என்று அம்மா சிரித்துக்கொண்டு சீனிப் போத்தலை நீட்டினார்.

சிரிக்காதவள் நான் மட்டுந்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குத் தெரிந்த ஐஸ், மீன் பழுதாகாமல் இருக்க ஊர்காவற்றுறையிலிருந்து சாக்கில் சுற்றி வருகிற ஐஸ்தான். தீவுக்கு வந்து சேருமுன்பே அதில் பாதி ஒழுகிப் போய்விடும். மாமாவுக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் மீனை ஐஸில் அடுக்குகிற வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு விசயம் தெளிவாகிவிட்டது. வடதுருவத்து ஐஸ் மாமாவின் பொறுப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வந்திருக்கிறார். அவர் திரும்பிப் போகும்வரை அதை உருகாமல் வைத்திருப்பது எங்கள் கடமை.

அடுத்த நாளே மாமா என்னைத் தன் உதவியாளராக்கினார். இரண்டு உரப்பைகள் கட்டித் தொங்கவிட்டோம். ஒன்றில் பிளாஸ்ரிக், மற்றதில் தகரமும் போத்தலும். நிரம்பியதும் யாழ்ப்பாணம் கொண்டுபோய் அங்கே குப்பை லொறியில் கொடுப்பது மாமாவின் திட்டம். நான் வேலிக்கு வேலி போய், ஐஸ் கதையைச் சொல்லிக் குப்பை கேட்டேன். பக்கத்து வீட்டு மாமி தன் கையிலிருந்த சொப்பின் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பையிலைதான் போன வருசத்திலயிருந்து சீனி வாங்கிறன். இதைத் தரேலாது. உன்ரை மாமாவைப் போய் அவரின்ரை ஐஸைப் பாக்கச் சொல்லு."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். போத்தல் என்றால் மண்ணெண்ணெய்க்கு வேணும், தகரம் என்றால் கோழிக்குத் தண்ணி வைக்க வேணும். ஆனாலும் எங்கள் வீட்டுப் பைகள் மளமளவென்று நிரம்பின. அம்மா ஒருநாள் அவற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வாறதுக்கு முதல் எங்களிட்டை இவ்வளவு குப்பை இருக்கேல்லையடா" என்றார்.

திரும்பிப் போகிற ரிக்கற்றை உறுதிப்படுத்த மாமா யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தது. அதோடு குப்பையையும் கொண்டுபோகலாம் என்று, சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, தோளுக்கொரு மூட்டையாகத் துறைக்கு வந்தார். வழியனுப்ப அம்மாவும் நானும் போனோம். வள்ளத்தில் சனம் ஏறி இருந்துவிட்டது. அப்பா பக்கத்தில் தன் வள்ளத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

துறையில் காவலுக்கு நின்ற நேவிக்காரப் பெடியன் மூட்டைகளைப் பார்த்து, "என்ன இது?" என்றான்.

"குப்பை."

"குப்பை எங்க போறது?"

"யாழ்ப்பாணத்துக்கு."

பெடியன் யோசித்தான். "யாழ்ப்பாணத்தில குப்பை இல்லையா?"

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெடியனும் சிரித்துக்கொண்டு, சரி போங்கள் என்று கையைக் காட்டினான். அதோடு மாமா போயிருக்கலாம். ஆனால் பைத்தியம் என்று நினைத்து விடப்படுவதை அவரால் தாங்க ஏலவில்லை. ஐஸ், புகை, பொறுப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பெடியன் பணிவாகத் தலையாட்டினான். எவ்வளவு ஒழுங்காகத் தரம் பிரித்திருக்கிறேன் பார் என்று காட்டுவதற்காக மாமா பிளாஸ்ரிக் மூட்டையின் கட்டை அவிழ்த்தார்.

அது சோளகக் காற்று அடிக்கிற காலம். மூட்டை அப்படியே வாய் திறந்து வானத்தைப் பார்த்துக் கக்கியது. பொன் நிறத்திலும் நீலத்திலும் சிவப்பிலும் நூற்றுக்கணக்கான சொக்கிலேற் தாள்கள் எழும்பி, வெய்யிலில் மினுங்கி, வள்ளத்தில் இருந்தவர்களின் தலைக்கு மேலால் போய்க் கடலில் இறங்கின. ஒரு தாள் வள்ளத்து ஓட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"அண்ணை, இது எங்கடை குப்பை இல்லை. நோர்வேக் குப்பை!"

வள்ளம் ஆடுமளவுக்குச் சனம் சிரித்தது. மாமாவின் முகம் கறுத்துப்போனது. மறுகணம் அவர் சப்பாத்தோடு கடலில் குதித்துவிட்டார்.

அந்தக் கடலில் பிறந்து நீந்தியவர்தான். ஆனால் குளிர்நாட்டில் இருந்த உடம்பு, காலில் வேறு கனத்த சப்பாத்து. ஒரு கையால் தாள்களைப் பொறுக்கி மறுகையால் நீந்தப் பார்த்தார். பொறுக்கியவை போக எட்டாதவையே அதிகம். தலை ஒருமுறை தண்ணிக்குக் கீழே போனது. அம்மா ஐயோ என்று குழறினார்.

"டேய், நில்லடா!" என்று கத்தியபடி அப்பா எஞ்சினை இழுத்தார். முதலில் மாமாவை ஏற்றினார். மாமா ஏறியதும், "அத்தான், வலையைப் போடுங்கோ" என்று மூச்சு வாங்கக் கெஞ்சினார். அப்பா வலையைப் போட்டார். நேவிப் பெடியன் துறையில் குப்புறப் படுத்து, தடியால் கிட்டவந்த தாள்களை இழுத்தான். வள்ளத்துச் சனம் இருந்த இடத்திலிருந்தே, அங்கை ஒண்டு, இஞ்சை ஒண்டு என்று கை காட்டியது. வலையை இழுத்தபோது அரை மூட்டைத் தாளும் ஒரு நண்டும் வந்தன.

"இவ்வளவு காலம் தொழில் செய்யிறன். இப்பிடியொரு மீன் பிடிச்சதில்லை" என்றார் அப்பா.

மாமா, அகப்படாமல் தூரத்தில் மினுங்கிக்கொண்டு போன தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று காற்சட்டைப் பையைத் தடவினார். பாஸ்போட்டும் ரிக்கற்றும் அதற்குள்தான் இருந்தன.

வள்ளம் அவரை விட்டுவிட்டே போனது. அம்மா பாஸ்போட்டைச் சுளகில் விரித்து, பக்கங்கள் காற்றில் புரளாமல் சின்னக் கற்கள் வைத்து, முற்றத்து வெய்யிலில் வைத்தார். காவலுக்கு என்னை இருத்தினார். அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு மாமாவும் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"எழுத்து அழிஞ்சா திரும்பிப் போக விடமாட்டாங்களோ?" என்று அம்மா கேட்டார்.

"கஸ்டந்தான்."

அம்மா குசினிக்குள் போய்விட்டார். அன்று கணவாய்க் கறி வைத்தார். அது மாமாவுக்குப் பிடித்த கறி.

எனக்குப் பதைபதைப்பாக இருந்தது. "மாமா, நீங்கள் போகாட்டி ஐஸை ஆர் பாக்கிறது?"

"அங்கை என்னைப் பாக்கவே ஆளில்லை பிள்ளை" என்றார். ஐஸைப் பற்றிக் கேட்டால் அதற்கு ஏன் இப்படிப் பதில் சொல்கிறார் என்று யோசித்தேன்.

வேப்பமரத்து நிழல் சுளகுக்குக் கிட்ட வந்தது. நான் சுளகை வெய்யிலுக்கு இழுத்து வைத்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது நிழலில் இருந்தது. மறுபடியும் இழுத்து வைத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் நிழலில் இருந்தது. பிறகு பார்க்காதது மாதிரி நின்று பார்த்தேன். மாமா கடலைப் பார்த்தபடி, கால் பெருவிரலால் சுளகை மெல்ல மெல்ல நிழலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஐஸுக்குள்ளேயே இருந்து இருந்து, நனைந்த சாமானை எங்கே வைத்தால் காயும் என்பதுகூட இவருக்கு மறந்துபோய்விட்டதே என்று, எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.