பரணில் இருந்த விஸ்கி

மாட்டுங்காவில் எங்கள் சின்ன ஃபிளாட்டில் எதையும் ஒளித்துவைக்க இருக்கும் ஒரே இடம் பரண். கணவரின் விஸ்கி அங்கேதான் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, க்ரீம், கண்டென்ஸ்டு மில்க், காலையில் மிஞ்சிய டிகாக்‌ஷன் எல்லாம் கலந்து எனக்கென்று ஒரு பாட்டில் செய்தேன். க்ரீம் கெட்டுவிடும் என்பதால் அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதாயிற்று.

குளித்துவிட்டு வந்தால், மாமியார் இரண்டாவது டம்ளரைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

"அம்மா, அது..."

"கோல்ட் காப்பிதானே? பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான்டி உனக்குக் காப்பி போட வந்திருக்கு. சாயங்காலம் பஜனைக்கு வர மாமிகளுக்கும் இதையே குடு."

உண்மையைச் சொன்னால் நானும் கணவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம். வெறும் காப்பியைக் கொடுத்தால், அந்தப் பதினோரு வருஷத்தையும் மாமிகள் முன்னால் மறுபடி கேட்க வேண்டும்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் பரணுக்கு அடியில் இழுத்துப் போட்டேன்.